உப்பு மெருகிட்ட ஜாடி

எங்கள் வீட்டுப் பரணில் பழுப்பு நிற ஊறுகாய் ஜாடி ஒன்று உள்ளது. பழம்பொருள் வணிகர் ஒருவர் அதைப் 'பிரெஞ்சுக்காரர் காலத்துச் சரக்கு' என்று விலைக்குக் கேட்டார். கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் வழக்கு எழுந்தது. அதன் பின்னரே நான் அதனைப் பற்றிப் படிக்கலானேன்.

சாதாரண மண்பானை நீரைக் கசியவிடும். இந்த ஜாடியோ 1200 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து கல்லாய் இறுகிய வகை, 'ஸ்டோன்வேர்' என்பர். சூளை உச்ச வெப்பத்தை எட்டியதும் சமையல் உப்பையே உள்ளே வீசுவர். ஆவியான உப்பின் சோடியம், களிமண்ணிலுள்ள சிலிக்காவுடன் கூடிக் கண்ணாடிப் படலமாகப் படிகிறது. குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாய் வெளியேறும் (வேதியியல் நண்பர்கள் சமன்பாட்டை எழுதிப் பார்க்கலாம்!). ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக் குயவர்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே இம்முறையைக் கையாண்டனர். இப்படலத்தில் ஈயம் சேர்வதில்லை. எத்தனை மாதம் ஊறினாலும் உப்பும் புளிப்பும் இதை அரிப்பதில்லை.

இதனை அடையாளம் காண்பது எளிது. ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளிபுள்ளியாகக் கையில் தட்டுப்படும். வெள்ளையும் பழுப்புமாய் வரும் ஜாடிகள் மெருகுக் குழம்பில் தோய்த்தவை. அவை வேறு இனம்.

எங்கள் ஜாடிக்கு அந்தத் தோல் உண்டு, முத்திரைதான் இல்லை. உப்பு மெருகிட்ட குழாய்களை வங்காளத்து ராணிகஞ்சில் பர்ன் கம்பெனி செய்துள்ளது. ஆகவே மெருகை மட்டும் கொண்டு பிரெஞ்சுச் சரக்கு என்பதற்கில்லை. கற்பாண்டம் புதுவையிலும் உருவாவதுதான். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை இங்குதான் தொடங்கினர்.

வணிகரிடம் இவற்றைச் சொன்னேன். உடனே விலையைப் பாதியாக்கினார். பாட்டியோ, "மாவடு போட ஆகும்" என்று ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டார்.