சேமலாப நிதியை எடுத்து வீடு வாங்கலாமா?



வெள்ளவத்தை உடுப்புக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பது இதுதான்: “ஈ.பீ.எப். காச இப்பவே எடுத்தா வரி வெட்டுவாங்களா?”

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நமது சம்பளத்தில் 8 வீதமும், முதலாளியிடமிருந்து 12 வீதமும் நிதிக்குச் சேர்கின்றன. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் முழுத் தொகை கிடைக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 10 வருடம் பணம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் ரூபாயாவது இருந்தால், வீட்டுத் தேவைக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். உச்ச எல்லை 20 இலட்சம்.

வரி எங்கே? நிதியின் முதலீட்டு வருமானத்தில் 14 வீதம் வரியாகப் போன பிறகுதான் நமக்கு வட்டி வருகிறது. 2023இல் நிதி தன் திறைசேரி முறிகளை மாற்றிக்கொள்ள மறுத்திருந்தால், முறி வருமானத்துக்கு அது 30 வீதமாகியிருக்கும். பணிக்கொடை போன்ற ஓய்வுகாலத் தொகைகளில் முதல் 1 கோடி ரூபாய்க்கு வரி வீதம் பூச்சியம். ஆகவே நம்மவர்கள் அஞ்ச வேண்டியது வரிக்கு அல்ல, இழக்கும் வட்டிக்கே.

35 வயது அக்கா ஒருவரின் கணக்கில் 10 இலட்சம் இருக்கிறது என்போம். அவர் 3 இலட்சம் எடுக்கிறார். ஆண்டுக்கு 9 வீத வட்டி என்று வைத்தால், அந்த 3 இலட்சம் 50 வயதில் ஏறக்குறைய 10 இலட்சத்து 92 ஆயிரமாக வளர்ந்திருக்கும். கொழுந்து பறிக்க முடியாத வயதில் கையில் இருக்க வேண்டிய பணம் அது.

வேறு வழியும் உண்டு. நிலுவையில் 75 வீதம் வரை ஈடாகக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் பெறலாம். சேமிப்பு அப்படியே வட்டியோடு வளரும். ஆனால் தவணை தவறினால் பாக்கியை அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். கடன் வட்டியையும் கணக்குப் பாருங்கள்.

லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. அதைத் திருத்த என்று பணம் கேட்கும் முன், என்ன பத்திரம் வேண்டும் என்று தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். பீ கார்டிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள். தோட்டத்துக் கணக்கு வேறு, கொழும்புக் கணக்கு வேறாக இருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். தரகருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

வீடு அவசியந்தான். ஆனாலும் கணக்குப் பார்த்த பிறகே கையொப்பம் வையுங்கள்.