நாளும் புதுக்கும் கல்வி

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு இனியதொரு காட்சி தோன்றும். காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளால் அணைத்தாற்போல் ஓட, நடுவே தென்னஞ்சோலைகளின் பசுமையில் திருவரங்கத்துக் கோபுரங்கள் ஓங்கி நிற்கும். மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை. கரிகாலன் கட்டிய அணை இன்றும் பயன்படுகின்றது என்று நாம் பெருமை கொள்கின்றோம். ஆயினும், அங்கிருந்து பிரியும் வாய்க்கால்களைத் தூர் வாரும் உழைப்பை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆறு நீரை மட்டும் கொணர்வதில்லை; மணலையும் வண்டலையும் உடன் கொணர்கின்றது. தூர் வாராது விட்டால், கடைமடைக்கு நீர் எட்டாது. அணை இருக்கும், வயலோ காய்ந்து கிடக்கும்.

கல்வியும் இத்தகையதே. இளமையில் பெறும் அடிப்படை அறிவு அணை போன்றது. தொழிலுக்குரிய நுட்ப அறிவு வாய்க்கால் போன்றது. வாய்க்காலைப் புதுக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் இவ்வுண்மை, கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்கும் தொழிலுக்கு மிகுதியும் பொருந்தும்.

கணிப்பொறி செய்யவேண்டிய செயலைப் படிப்படியாக வகுத்து, அதற்குரிய மொழியில் எழுதித் தருவது நிரல் எனப்படும். நிரல்களின் தொகுதியே மென்பொருள். தொடர்வண்டியில் இடம் பதிவு செய்வதும், வங்கியில் கணக்குப் பார்ப்பதும் இன்று மென்பொருளால் நடைபெறுகின்றன. ஆனால், நிரல் எழுதும் மொழிகள் நிலையாக இருப்பதில்லை. 1957இல் ஃபோர்ட்ரான் வந்தது, அதன்பின் கோபோல், 1970களில் சி, 1995இல் ஜாவா. கொல்லன் தன் வாழ்நாள் முழுவதும் ஒரே பட்டடையில் தொழில் செய்யலாம். நிரலாளர்க்கோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டடையே மாறிவிடுகின்றது.

இம்மாற்றத்தின் கடுமையை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். பழைய நிரல்கள் பலவற்றில், இடத்தைச் சிக்கனப்படுத்த எண்ணி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே குறித்திருந்தனர். 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணிப்பொறி அதனை 1900 என்று பிழைபடக் கொள்ளுமே என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. பழைய நிரல்களைத் திருத்தக் கோபோல் அறிந்தோர் பெரிதும் தேவைப்பட்டனர். நம் நாட்டு இளைஞர் பலர் அதனைக் கற்று வேலை பெற்றனர். ஆனால், 2000 பிறந்தது. திருத்தும் பணியும் முடிந்தது. கோபோல் அழிந்துவிடவில்லை, வங்கிகள் பலவற்றில் இன்றும் வழங்குகின்றது. எனினும், முன்போல் அத்துணைப் பேர் தேவைப்படவில்லை. வேறு கற்றவர் நிலைத்தனர், கல்லாதவர் இடர்ப்பட்டனர்.

மாறும் காலத்தோடு தாமும் வளர்ந்தவர்க்குச் சான்றாகத் திருவரங்கத்தில் வளர்ந்த ஒருவரைக் கூறலாம். ரங்கராசன் என்பது அவர் இயற்பெயர். சுஜாதா என்ற புனைபெயரால் தமிழுலகம் அவரை அறியும். 1935ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், திருவரங்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்து, அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னர்த் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் அக்கல்லூரியில் பயின்றவரே. அதன்பின் சென்னை குரோம்பேட்டையில் மின்னணுவியல் கற்று, முதலில் விமானப் போக்குவரத்துத் துறையிலும், பின்பு பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனத்திலும் பணியாற்றினார்.

அவர் கல்வி கற்ற காலத்தில் மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் வெற்றிடக் குழல்களால் ஆனவை. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் மெல்ல மெல்ல அவற்றின் இடத்தைப் பற்றியது. 1958இல் ஒருங்கிணைந்த மின்சுற்றும், 1971இல் நுண்செயலியும் தோன்றின. ஒருவர் பணியாற்றும் காலத்துக்குள் தொழிலின் அடித்தளமே இத்தனை முறை மாறியது. கல்லூரிப் பாடம் போதும் என்று அவர் இருந்திருப்பின், அப்பழைய குழல்களோடு அவர் அறிவும் ஒதுக்கப்பட்டிருக்கும். அவரோ மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியை மேற்பார்வையிடும் நிலைக்கு உயர்ந்தார். 1982இல் கேரளத்துப் பறவூரில் முதன்முதலாகப் பயன்பட்ட அவ்வகை இயந்திரம், 2004இல் நாடாளுமன்றத் தேர்தலின் எல்லாத் தொகுதிகளிலும் பயன்பட்டது.

தாம் கற்றதை அவர் தம்மளவில் வைத்துக்கொள்ளவில்லை. ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்னும் பகுதியில் வாசகர்களின் அறிவியல் வினாக்களுக்கு எளிய தமிழில் விடையளித்தார். பிறர்க்கு விளங்கச் சொல்ல வேண்டுமாயின், முதலில் தமக்கு நன்கு விளங்க வேண்டும் அன்றோ? கற்பித்தலும் கற்றலின் ஒரு வழியே. 2008ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

மாறுவனவற்றின் பின்னே ஓடுவது மட்டும் போதுமா? போதாது. கணக்கறிவு, முறையாகச் சிந்திக்கும் திறன், பிழையைத் தேடிக் காணும் பொறுமை, கருத்தைத் தெளிவாகச் சொல்லும் மொழித்திறன் ஆகியவை எளிதில் பழைமையடைவன அல்ல. இன்று நிரல் எழுதும் பணியையே செயற்கை நுண்ணறிவு மேற்கொள்ளத் தொடங்கியுள்ளது. அது தரும் நிரல் சரியா, தவறா என்று தேர்ந்து தெளிவதற்கு இவ்வடிப்படை அறிவே துணை.

அணை உறுதியானது என்று எண்ணி அதனைப் பேணாது விடுதலும் தகாது. முக்கொம்பில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை ஏறத்தாழ 180 ஆண்டுகள் பயன் தந்தது. 2018 ஆகஸ்ட்டில் வெள்ளம் பெருகியபோது, அதன் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் இடிந்து வீழ்ந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டவேண்டியதாயிற்று. கற்ற அடிப்படையையும் அவ்வப்போது சோதித்து வலுப்படுத்த வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

மாணவர்களே! நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், பட்டம் பெறும் நாளைக் கல்வியின் முடிவாகக் கருதாதீர்கள். நாள்தோறும் சிறிது நேரமேனும் புதியதொன்றைக் கற்பதற்கு ஒதுக்குங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள நாணாதீர்கள். இளையவரிடமிருந்தும் கேட்டுக் கற்கத் தயங்காதீர்கள். தூர் வாரிய வாய்க்காலில் ஆண்டுதோறும் புதுநீர் பாயும். அறிவைப் புதுக்கிக்கொள்பவர் வாழ்வும் அவ்வாறே செழிக்கும்.