பெயர் மறைந்த முதல் சாம்பியன்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் ஒருவர்

பிரான்சு நாட்டின் முதல் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் பட்டம் வென்ற கழகம் எது என்று வினவினால், மார்சேய் என்றோ பாரீஸ் நகரக் கழகம் என்றோ பலரும் விடை கூறுவர். உண்மையில் அது ஒலிம்பிக் லீலுவா. வட பிரான்சின் நெசவாலை நகரமாகிய லீலில் 1902-இல் தோன்றிய அக்கழகம் இன்று இல்லை.

1930-களின் தொடக்கம் வரை அந்நாட்டில் ஆட்டக்காரருக்கு வெளிப்படையாக ஊதியம் தர இடமில்லை. மறைவில் தந்து வந்தார்கள். வசதியுள்ளவன் பொழுதுபோக்காக ஆடலாம். ஆலைத் தொழிலாளி கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் ஆடுவான்? விதி வகுத்தவர்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்திராது போலும்! ஒருவழியாக ஊதியம் அனுமதிக்கப்பட்டது. எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரரையாவது அமர்த்த வேண்டுமென்ற நிபந்தனையோடு 20 கழகங்கள் இரு பிரிவுகளாக மோதின.

1932 செப்டம்பர் 11 அன்று, முதல் ஆட்டத்திலேயே லீலுவா மார்சேயிடம் 0-7 எனத் தோற்றது. கேலிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆயினும் பருவம் முடிந்தபோது அதே பிரிவில் லீலுவா முதலிடம், மார்சேய் இரண்டாமிடம்! மறு பிரிவில் முதலாவதாக வந்த ஆன்டீப், பேசி வைத்து ஆடியதான ஐயத்தின் பேரில் விலக்கப்பட்டு, கான் நகரக் கழகம் இறுதிக்கு வந்தது. 1933 மே 14 அன்று கொலோம்ப் மைதானத்தில் லீலுவா 4-3 என வென்றது.

லீல் நகரிலேயே அதற்கொரு பங்காளி உண்டு. இரயில் எஞ்சின் பட்டறைகள் நிறைந்த ஃபீவ் பகுதியின் கழகம் அது. 1934-இல் லீக்கில் இரண்டாமிடம் பெற்றது. 1941-இல் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்றது.

பிறகு போர். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது, 1943-இல் விஷி அரசு தொழில்முறைக் கழகங்களை ஒதுக்கிவிட்டு வட்டார அணிகளை அமைத்தது. லீல் வட்டாரத்துக்கு ஒரே அணி. நகரம் விடுதலை பெற்ற 1944-இல் இரு கழகங்களும் இணைந்து, இன்றைய லீல் கழகம் பிறந்தது. 1946-இல் லீக்கையும் கோப்பையையும் ஒருசேர வென்றதைக் கண்டால், இணைப்பு நன்மைக்கே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதற்கு விலை உண்டு. இன்றைய கழகத்தின் லீக் பட்டங்கள் 1946, 1954, 2011, 2021 என நான்காகவே எண்ணப்படுகின்றன. 1933-ஆம் ஆண்டுப் பட்டம் பழைய பெயரிலேயே நிற்கிறது. உரிமை கொண்டாட ஆளில்லாத பட்டா போல. லீலுவாவின் தலைவராயிருந்த ஆன்ரி ஜோரிஸின் பெயர் தாங்கிய மைதானமும், டெல் கால்வாயை அகலப்படுத்துவதற்காக 1975-இல் இடிக்கப்பட்டுவிட்டது.