வரிசையை மாற்றும் பார்வை

நுழையும்முன்

முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது பொதுவிடங்களில் அனைவரும் ஏற்ற நெறி. அவசர சிகிச்சைப் பிரிவிலோ அந்நெறியே ஓர் உயிர் பிரியக் காரணமாகிவிடக்கூடும். நோயுற்ற குழந்தைகளுள் யாருக்கு முதலில் சிகிச்சை தேவை என்பதைச் சில நொடிகளில் கணிக்கும் செவிலியரின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

தேவையே வரிசை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள திருப்பெரும்புதூரும் அதனை அடுத்த ஒரகடமும் வாகன உற்பத்திக்கும் மின்னணுப் பொருள் உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் இங்கு வாழ்கின்றனர். இங்குள்ள தொழிற்கூடங்களில் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வரிசையிலேயே நகரும். மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளுக்கு அவ்வரிசை பொருந்தாது.

நெப்போலியனின் படை மருத்துவரான தொமினிக் ழான் லாரே (1766–1842), காயமுற்ற வீரர்களின் பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைக் கொண்டே சிகிச்சையின் வரிசையை முடிவுசெய்தார். பிரித்தெடுத்தல் எனப் பொருள்படும் ‘ட்ரயாஜ்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே இம்முறைக்கு உலகெங்கும் பெயராயிற்று. தமிழில் இதனை முன்னுரிமைப் பகுப்பு எனலாம். தமிழ்நாட்டு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமும் நோயாளர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்துகிறது. சிவப்பு உடனடிச் சிகிச்சையையும், மஞ்சள் விரைவில் தரவேண்டிய சிகிச்சையையும், பச்சை காத்திருக்கக்கூடிய நிலையையும் குறிக்கும்.

அழாத குழந்தை

இத்தொழில்தடத்தின் மருத்துவமனை ஒன்றுக்கு இரு குழந்தைகள் வருவதாகக் கொள்வோம். முதலில் வந்த ஐந்து வயதுச் சிறுவன் முழங்காலில் சிராய்ப்புற்று வீறிட்டு அழுகிறான். பின்னர் வந்த எட்டு மாதக் குழந்தை தாயின் தோளில் துவண்டு கிடக்கிறது. தாய்க்கு ஒடியா மொழி மட்டுமே தெரியும். வயிற்றைத் தொட்டுக் காட்டி, வயிற்றுப்போக்கைச் சைகையால் உணர்த்துகிறார்.

சிறுவனின் அழுகை வலியைக் காட்டுகிறது. அவனது மூச்சுப்பாதை திறந்திருப்பதையும் உணர்வு தெளிவாக இருப்பதையும் அதே அழுகை உறுதிப்படுத்துகிறது. செவிலியரின் கவலை அழாத குழந்தையைப் பற்றியதே. மூச்சைக் கவனித்தபின் கைகளைத் தொடுகிறார், அவை குளிர்ந்துள்ளன. நகத்தை 3 நொடி அழுத்தி விடுகிறார். வெளுத்த நகத்தில் செந்நிறம் திரும்ப 3 நொடிக்கு மேலாகிறது. நாடி மெலிந்து விரைகிறது. கண்கள் குழிந்துள்ளன. கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் பழைய நிலைக்குத் திரும்ப 2 நொடிக்கு மேலாகிறது. இவை கடும் நீரிழப்பின், இரத்தவோட்டத் தளர்ச்சியின் அறிகுறிகள். குழந்தை சிவப்புப் பகுதிக்குச் செல்கிறது. மருத்துவர் அழைக்கப்படுகிறார், சிகிச்சை உடனே தொடங்குகிறது. தாயின் மொழி புரியாதபோதும் குழந்தையின் உடல் உரைத்ததைச் செவிலியர் படித்துவிட்டார்.

குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறுவடிவம் அன்று. நீர் குறையும்போது குழந்தையின் இதயம் விரைந்து துடித்தும், இரத்தக்குழாய்கள் சுருங்கியும் இரத்த அழுத்தத்தை நெடுநேரம் காத்துநிற்கும். பின்னர் அது சட்டெனச் சரியும். எனவே, இயல்பான இரத்த அழுத்தத்தைக் கண்டு செவிலியர் அமைதி கொள்வதில்லை.

தெரிந்து தெளிவோம்

குழந்தை அமைதியாக உள்ளபோது மூச்சை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணுதல் வேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 என்னும் அளவையோ அதற்கு மேலோ எட்டினால் அது விரைமூச்சு ஆகும்.

பயிற்சியின் பயன்

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் உருவாகிச் செழித்த பயிற்சிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் கையேடாக வெளியிட்டது. அந்நாட்டின் பிளாண்டயர் நகர மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைச் சீரமைத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்தனர். 10 முதல் 18 விழுக்காடு வரை இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு, 6 முதல் 8 விழுக்காடாகக் குறைந்தது.

காத்திருப்போரின் பங்கு

தமக்குப்பின் வந்தவர் முன்னே அழைக்கப்படும்போது பெற்றோர் சினங்கொள்வது இயல்பு. காரணத்தைப் பரிவுடன் எடுத்துரைப்பதும், காத்திருக்கும் குழந்தைகளை இடையிடையே மீண்டும் பார்ப்பதும் செவிலியரின் கடமை. பச்சையில் இருந்த குழந்தையின் நிலை சற்றுநேரத்தில் மோசமடையக்கூடும். அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சமத்துவம்போலத் தோன்றும். தேவை மிகுந்தவருக்கு முதலிடம் தருவதே இங்கு நீதி. அதனை உணர்ந்து வழிவிடும் பெற்றோரும் ஓர் உயிரைக் காப்பதில் பங்குகொள்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. ‘வரிசையும் நீதியும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. அருகிலுள்ள மருத்துவமனையின் செவிலியர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துவதற்கு ஏற்ற வினாக்களை உருவாக்குக.