காற்றறிந்து கலமேறு

நுழையும்முன்

பயணத்திட்டம் என்றவுடன் செலவுக்கணக்கும் பயணச்சீட்டும் தங்குமிடமும் நம் நினைவுக்கு வருகின்றன. தீவுகளை நோக்கிச் செல்வோர்க்கு இவை மட்டும் போதா. கடலைக் கடந்து சென்று, கடலைக் கடந்தே திரும்பவேண்டிய இடத்தில், காற்றும் நீரும் அங்கு வாழும் மக்களும் திட்டத்திற்குள் வந்துவிடுகின்றனர். அத்தகைய பயணம் ஒன்றனைத் திட்டமிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மத்தியதரைக் கடலின் ஒரு பகுதியாகிய ஏஜியன் கடலில், கிரேக்க நாட்டிற்கு உரிய 200-க்கும் மேற்பட்ட தீவுகளும் தீவுத்திட்டுகளும் சேர்ந்த ஒரு தொகுதி உள்ளது. அவற்றுள் மக்கள் வாழ்பவை சிலவே. இத்தொகுதியின் பெயர் சிக்கிளடீஸ். வட்டம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. டீலோஸ் என்னும் புனிதத் தீவை நடுவே வைத்து மற்றவை வட்டமாகச் சூழ்ந்துள்ளன எனப் பழங்கிரேக்கர் கருதினர்.

எப்பொழுது செல்வது?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கு மழை இல்லை; வானில் முகிலும் இல்லை. இதைவிட ஏற்ற காலம் வேறுண்டோ என வெளிநாட்டவர் எண்ணுவர். ஆயின், இம்மாதங்களில்தான் 'மெல்டெமி' என்னும் வடகாற்று வலுத்து வீசுகிறது. பால்கன் நிலப்பரப்பின்மேல் காற்றழுத்தம் மிகுந்தும் துருக்கிப் பகுதியில் குறைந்தும் இருப்பதே இதற்குக் காரணம். முன்னோர் இக்காற்றினை 'எட்டீசியன்' என்றனர். 'எட்டோஸ்' என்றால் ஆண்டு. ஆண்டுதோறும் தவறாது வருவது என்பது பொருள். நாம் பருவக்காற்று என்று பெயரிட்டதும் இதே நோக்கில்தானே!

காற்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் பெரிய பயணிகள் கப்பல்களையும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவர். விரைவுப் படகுகள் அதற்கும் முன்பே நின்றுவிடும். வெயில் பளிச்சென்று எறிக்கும்; கடலோ வழிவிடாது. ஆகவே மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே அறிவார்ந்த தேர்வு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாள்களில் டீனோஸ் தீவின் மரியன்னை ஆலயத்திற்குத் துறைமுகத்திலிருந்து முழங்காலால் ஊர்ந்து செல்லும் அடியவர் கூட்டம் பெரிது. அவ்வாரத்தில் கப்பலில் இடம் கிடைப்பது அரிது.

எத்தனை தீவுகள்?

ஏதென்சிலிருந்து பத்து நாள் பயணம் எனக் கொள்வோம். ஐந்து தீவுகளைக் கண்டுவிட வேண்டும் என்று துடிப்பவர் துறைமுகங்களை மட்டுமே நன்கு அறிந்து திரும்புவார். ஏதென்சின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நக்சோஸ் செல்ல வழக்கமான கப்பலில் ஐந்து மணி நேரம் ஆகும். ஒருமுறை தீவு மாறினால் அரைநாள் போய்விடும். இரண்டு தீவுகள் போதும், மூன்று மிகுதி. எந்த நிலையிலும், தாயகம் திரும்பும் விமானத்திற்கு ஒருநாள் முன்னதாகவே ஏதென்சை அடைந்துவிட வேண்டும். அந்த ஒருநாள், காற்றுக்கென நாம் ஒதுக்கும் நாள்.

நக்சோஸ் இத்தொகுதியின் மிகப்பெரிய தீவு. உருளைக்கிழங்கு விளையும் வயல்களும் ஆடுமாடு மேயும் மலைச்சரிவுகளும் உடையது. 1,000 மீட்டரைத் தாண்டி உயரும் சாஸ் மலையும், கட்டி முடிக்கப்படாத பழங்கோயிலின் பளிங்கு வாயிலும் இங்குள்ளன. நான்கு நாள் தங்கினாலும் சலிக்காது.

எரிமலைத் தீவு

சாந்தோரினியின் கதை வேறு. கி.மு. 1600-ஐ ஒட்டிய காலத்தில் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பில் அத்தீவின் நடுப்பகுதி கடலுள் அமிழ்ந்தது. சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி நகரை 1967-இல் ஸ்பைரிடன் மரினாத்தோஸ் அகழத் தொடங்கினார். மாடிவீடுகள் கிடைத்தன, தாழிகள் கிடைத்தன, சுவரோவியங்கள் கிடைத்தன. வெடிப்பில் மாண்டவர் உடல்கள் கிடைக்கவில்லை. நிலநடுக்கத்தால் எச்சரிக்கையுற்ற மக்கள் முன்கூட்டியே வெளியேறினர் என்பது ஆய்வாளர் கருத்து. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொடர் நிலநடுக்கங்கள் ஏற்பட்டபோதும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி அத்தீவை விட்டு நீங்கினர், பள்ளிகள் மூடப்பட்டன.

இங்கு மழை மிகக் குறைவு. முன்பு வீட்டின் அடியில் தொட்டி அமைத்து மழைநீரைச் சேமித்தனர். இன்று கடல்நீரை நன்னீராக்கிப் பயன்படுத்துகின்றனர். திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், கூடைபோல் வளைத்துத் தரையோடு வளர்க்கின்றனர். காய்கள் கூடைக்குள் இருப்பதால் காற்று அவற்றைச் சிதைப்பதில்லை. இரவின் ஈரப்பதம் கொடிக்கு உதவுகிறது. உழவர் கண்ட இவ்வுத்தியைக் காண்பதற்கென்றே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

ஏறத்தாழ 15,000 பேர் வாழும் தீவில், சுற்றுலாக் கப்பல்களில் மட்டும் ஒரேநாளில் 8,000-க்கு மேற்பட்டோர் வரலாகாது என வரம்பிட வேண்டிய நிலை உருவாகிவிட்டது. வீடுகள் விடுதிகளாக மாறிவிட்டதால், பணியமர்த்தப்படும் ஆசிரியரும் மருத்துவரும் குடியிருக்க இடமின்றி அலைகின்றனர். நாம் முன்பதிவு செய்யும் அழகிய வெள்ளை அறை, ஓர் ஆசிரியர் தேடிக் கிடைக்காத வீடாகவும் இருக்கலாம். இந்த நெருக்கடி கோடையில்தான் உச்சம் அடைகிறது. காற்றைக் கருதிச் சொன்ன மே, செப்டம்பர் மாதங்கள் இங்கும் பொருந்துவது அதனால்தான்.

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் கூறிய பத்து நாள் பயணத்திற்கு நாள்வாரித் திட்டம் எழுதுக. மூன்றாம் நாள் கப்பல் ஓடாவிடில் எவ்வாறு மாற்றுவீர்?

2. தீவில் வாடகை வீடு கிடைக்காத ஆசிரியர் ஒருவர், அங்கு வரவிருக்கும் பயணிக்கு எழுதும் கடிதத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.