நம் தையலுக்கு நம் பெயர்



ஆரணி என்றால் பட்டு. நம் குழுக்களில் தையல் தெரிந்தவர்களும் பலர் உண்டு. ஆனால் பெரும்பாலும் கூலிக்குத்தான் தைக்கிறோம். "நாமளே குழந்தைங்களுக்குப் பட்டுப் பாவாடை, கவுன் தைச்சு நம்ம பேர்ல வித்தா என்னக்கா?" என்று கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் குழுக்கடன் வாங்குவதற்கு முன்பு இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள்.

1. லேபிள் என்பது நாம் தரும் வாக்கு

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் மறந்துபோய்க்கொண்டிருந்த தங்கள் பூத்தையலை மீட்டெடுத்தார்கள். அதைத் துணிகளில் போட்டு 'போர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். அந்தப் பெயரைப் பார்த்ததும் இது கையால் போட்ட தையல் என்று வாங்குபவர் நம்புகிறார். பெயரின் பலம் அந்த நம்பிக்கைதான்.

'ஆரணிப் பட்டு' என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பெயரைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர்கள்தான் அதைப் போடலாம். பாலியஸ்டரில் தைத்துவிட்டுப் பட்டு என்று எழுதுவது நெசவாளர் வயிற்றில் அடிப்பதாகும். சந்தேகம் இருந்தால் ஓரத்து நூலைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் நாற்றம் வீசும். சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும்.

2. குழந்தைக்கு உறுத்தக் கூடாது

• சரிகை, தையல் ஓரம் இரண்டும் உடம்பில் படாதபடி உள்ளே பருத்தி லைனிங் கொடுங்கள்.
• லைனிங் துணியை நனைத்து உலர்த்தியபின் வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிவிடும்.
• ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம்.
• கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடா வைக்காதீர்கள். ஊஞ்சலிலோ கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால் அமெரிக்காவில் 1996-லேயே எச்சரித்தார்கள். கைக்குழந்தை உடையில் மணி, சிறு பொத்தானும் வேண்டாம்; வாயில் போட்டுக்கொள்ளும்.
• பாவாடையில் உள்மடிப்பு வைத்துத் தையுங்கள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். "அடுத்த வருஷமும் போடலாம்மா" என்று சொன்னால் தாய் யோசிக்காமல் வாங்குவாள்.

3. கூலியைச் சேர்க்காத கணக்கு கணக்கே அல்ல

ஒரு பருத்திக் கவுனுக்கு உதாரணக் கணக்கு:

துணி ரூ.120
லைனிங் ரூ.50
நூல், எலாஸ்டிக், கொக்கி ரூ.20
தையல் கூலி ரூ.150
லேபிள், கவர் ரூ.10
போக்குவரத்து ரூ.10
கடன் வட்டி, சேதாரம் ரூ.20
அடக்கம் ரூ.380
லாபம் (100-க்கு 20) ரூ.76
நம் கைக்கு வரவேண்டியது ரூ.456

கடைக்காரர் விற்ற விலையில் 100-க்கு 25 கமிஷன் கேட்டால் என்ன விலை போடுவது? பலர் 456-உடன் அதில் கால்பங்கு 114-ஐச் சேர்த்து 570 என்று போடுவார்கள். அது தவறு. 570-இல் கமிஷன் போனால் கைக்கு ரூ.427.50 தான் வரும். 456-ஐ 75-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். விலை ரூ.608. ஒரு கவுனுக்கு ரூ.28.50 என்றால் நூறு கவுனில் ரூ.2,850 போய்விடும். நம் வீட்டு மிஷினில் தைத்தாலும் கூலி கூலிதான். "சும்மா இருந்த நேரத்துல தைச்சதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

4. சிறிதாகத் தொடங்குங்கள்

ஒரே மாடல், மூன்று அளவு, மொத்தம் 15 உருப்படி போதும். வயதை மட்டும் நம்பாமல் மார்பளவு, உயரம் இரண்டையும் எழுதி வையுங்கள். விற்ற பணம் வந்தபிறகே அடுத்த துணி. மகளிர் திட்டக் கண்காட்சியில் வைத்துப் பாருங்கள்; எந்த அளவு முதலில் தீர்ந்தது என்று நோட்டில் குறியுங்கள். குழு உற்பத்திப் பொருட்களுக்கு அரசின் 'மதி' விற்பனை வாய்ப்பும் உண்டு.

5. பெயர் யாருக்குச் சொந்தம்?

இதைப் பேசாமல் விட்டால் பின்னால் சண்டை வரும். பெயர் ஓர் உறுப்பினர் பேரில் இருந்து அவர் குழுவை விட்டுப் போனால், எல்லோர் உழைப்பும் அவரோடு போய்விடும். குழுவின் பெயரிலேயே இருக்கட்டும் என்று முதலிலேயே தீர்மானம் போடுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வியாபாரம் நிலைத்தபின் வணிகக் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உடைகள் 25-ஆம் வகுப்பில் வரும். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

குழுவில் பேசுங்கள்

• நம் லேபிள் என்ன வாக்குக் கொடுக்கிறது?
• துணி வெட்டுவது, தைப்பது, சரிபார்ப்பது, கணக்கு எழுதுவது யார் யார்?
• தையல் பிரிந்து திரும்பி வரும் உடையை யார் செலவில் சரி செய்வது?

மூன்றுக்கும் பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறியபிறகு கத்தரியை எடுங்கள். வாழ்த்துகள்!