ஆபரேஷன் அறையில் தாதியரின் பொறுப்புகள்



இரவில் கல்லாக் கணக்கைச் சரிபார்க்காமல் கடை அடைக்கும் வியாபாரி நம்மில் இல்லை. ஐந்து வெள்ளி குறைந்தாலும் மறுபடி எண்ணுகிறோம். ஆனால், கணக்கில் ஒரு துண்டுத் துணி குறைந்தால் மனித உயிருக்கே ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறை. அங்கே கணக்குக்குப் பொறுப்பாளி தாதியே. டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பது மட்டுமே அவர் வேலை என்று எண்ணுவது சரியன்று. அங்கே தாதியருக்கு நால்வகைப் பொறுப்புகள் உள்ளன.

முதலாவது, மயக்க மருந்துப் பிரிவுத் தாதி. வந்திருப்பவர் யார், எந்த ஆபரேஷன், வலப்பக்கமா இடப்பக்கமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றையெல்லாம் இவர் கேட்டுச் சரிபார்ப்பார். மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்துணையாக நிற்பவரும் இவரே.

இரண்டாவது, ஸ்கிரப் தாதி. முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்து, மேசையருகே நிற்பார். டாக்டர் கேட்குமுன்பே அடுத்து வேண்டிய கருவியை அறிந்து நீட்டுவது இவர் திறமை.

மூன்றாவது, சர்க்குலேட்டிங் தாதி. இவர் கிருமி நீக்கிய பொருள்களைக் கையால் தொடுவதில்லை. வேண்டிய சாமான்களை வெளியிலிருந்து கொணர்வது, பொட்டலங்களைப் பிரித்துத் தருவது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது, சுத்தம் கெடாமல் கண்காணிப்பது ஆகியவை இவர் பணி.

நான்காவது, மயக்கம் தெளியும் அறைத் தாதி. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், வலி ஆகியவற்றைக் கவனித்து, நிலைமை சீரானபின்பே நோயாளியை வார்டுக்கு அனுப்புவார்.

இனி, கணக்கின் முறையைப் பார்ப்போம். ஆபரேஷனுக்கு முன்னர், உள்ளே மூடுவதற்கு முன்னர், தோலைத் தைத்து முடிக்கும் வேளையில் என்று துணிகள், ஊசிகள், கருவிகள் எண்ணப்படும். ஸ்கிரப் தாதியும் சர்க்குலேட்டிங் தாதியும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவர். எண்ணிக்கை பலகையில் எழுதப்படும். ஒன்று குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். குப்பைத் தொட்டி முதல் நோயாளியின் வயிறு வரை தேடுவார்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். இதற்கென்றே அத்துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை வைத்து நெய்யப்பட்டிருக்கிறது. டாக்டர் எவ்வளவு பெரியவராயினும், 'கணக்குச் சரியில்லை' என்று சொல்லும் கடமை தாதிக்கு உண்டு. அப்படிச் சொல்வதற்கு அறிவோடு துணிவும் வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலிலும் இக்கணக்கு இடம்பெற்றது. எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அப்பட்டியலைக் கையாண்டு பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பின் இறந்தோர் தொகை நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் அறிவித்தார்கள்.

இத்தொழிலுக்கு வழி யாது? சிங்கப்பூரில் நன்யாங், நீ ஆன் ஆகிய பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமா படித்துப் பதிவுபெற்ற தாதியாகலாம். தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப் படிப்பு 2006இல் தொடங்கியது. வேலையில் சேர்ந்தபின் ஆபரேஷன் அறைப் பணியில் தனிப் பயிற்சி பெற்று, நோயாளிப் பராமரிப்பு, நிர்வாகம், பயிற்றுவித்தல் என்ற மூன்று துறைகளிலும் உயரலாம். ஆண்களுக்கும் இதில் இடமுண்டு.

தூடோங் பற்றித் தயங்கும் பெற்றோர் ஒன்றை அறிக. பொது ஆஸ்பத்திரிகளின் முஸ்லிம் தாதியர் அதை அணியலாம் என்ற அனுமதி 1-11-2021 முதல் நடப்புக்கு வந்தது. ஆபரேஷன் அறைக்குள்ளோ, ஆண் பெண் யாவருமே தலைமுடியை மூடித்தான் ஆகவேண்டும்.

பிள்ளை தாதி வேலைக்குப் போக விரும்பினால், 'நம் குடும்பத்துக்கு ஆகாது' என்று வாயடைத்துவிடாதீர்கள். நாளை நாமே அம்மேசையில் மயங்கிக் கிடக்கும்போது, நமக்காக விழித்திருந்து எண்ணுபவர் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைதானே! சிந்திப்போமாக.